இலவங்கன்றுகளுக்கடியில் மல்லித்தழை

அன்புள்ள செழியனுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டாய். உன் திருமணத்தன்று அத்தை ஏன் பந்தியில் உட்காராமலேயே போனாள் என்பது முதல் கேள்வி. கோம்பைக் காட்டில் நீ நட்ட கன்றுகளுக்குத் தண்ணீர் போகிறதா, அல்லது நான் வால்வை அடைத்துவிட்டேனா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குப் ‘பிறகு சொல்கிறேன்’ என்றேன். இரண்டாவதற்கு ‘அடைத்துவிட்டேன்’ என்றேன். அதன்பிறகு நீ பேசவில்லை. மருமகள்தான் போனை வாங்கி, அங்கே வெயில் எப்படி இருக்கிறது மாமா என்று பேச்சை மாற்றினாள். உன்னுடைய இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒன்றே என்பது உனக்குத் தெரியாது. அந்தப் பதிலை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். உனக்கு ஏற்கெனவே தெரிந்தவற்றையும் முறைப்படி சேர்த்தே எழுதுவேன், பொறுத்துக்கொள். பாதி தெரிந்த விஷயத்தின் மறுபாதியை மனிதர்கள் தங்கள் விருப்பம்போல நிரப்பிக்கொள்வதை என் உத்தியோகத்தில் போதுமான அளவு பார்த்துவிட்டேன். உன் கல்யாணத்தைப் பற்றியும் ஊரில் அப்படித்தான் நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

எடைக்கற்களுக்கும் தராசுகளுக்கும் முத்திரையிடும் ஆய்வாளனாக நான் பணியில் சேர்ந்தபோது உன் தாத்தா உயிரோடு இல்லை, நீயும் பிறக்கவில்லை. போடியில் ஏலக்காய்க் கடை, தேனியில் நகைக்கடை, சாலையோரத்தில் பெட்ரோல் நிலையம் என்று எங்கே போனாலும், காட்டப்படுவதை நம்பாமல் இருப்பதற்காகவே எனக்கு அரசு சம்பளம் தருகிறது. அந்தப் பழக்கம் அலுவலகத்தோடு நின்றுவிடவில்லை என்பதை நீ சிறு வயதிலேயே கண்டாய். ஒருமுறை கூடலூர்ச் சாலையில் திராட்சை வாங்க வண்டியை நிறுத்தினோம். நான் கடைக்காரரின் தராசுத் தட்டைத் தூக்கி அடியில் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “என்ன சார், தராசுக்குக் காய்ச்சல் அடிக்குதான்னு பாக்குறீகளா?” என்றார். தட்டின் அடியில் எதுவும் இல்லை. உன் அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். நீ மட்டும் வீடு வரும்வரை அந்தத் திராட்சையைத் தொடவில்லை. அன்று எனக்கு அது புரிந்தது. ஆனாலும் தட்டைத் தூக்கிப் பார்த்தது தவறு என்று எனக்கு அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தின் முடிவில் நான் சந்தேகப்படுவதை விட்டுவிட்ட மனிதனாக மாறியிருப்பேன் என்று எதிர்பார்க்காதே.

படிப்பை முடித்து வந்த நீ, மலையடிவாரத்து மேட்டுக்காட்டில் மரம் வைக்கப்போவதாகச் சொன்னபோது எனக்கு மகிழ்ச்சிதான். ஆற்றுவாய்க்கால் ஏறாத நிலம் அது. கிணறு கோடையில் வற்றிவிடும். மானாவாரியாகச் சோளம் போட்டு, மழை ஏமாற்றினால் அதையும் மாட்டுக்கு அறுத்துப்போட்ட நிலம். தண்ணீருக்கு எங்கே போவாய் என்று கேட்டேன். நிலத்துக்கு மேற்கே உள்ள கல்லூரியின் விடுதிகளிலிருந்து வெளியேறும் கழிவுநீரைச் சுத்திகரித்து ஓடையில் விடுகிறார்கள், அதைக் குழாய் வழியாக வாங்கிக்கொள்கிறேன் என்றாய். மழை குறைந்த நாடுகளில் பாலைவன ஓரங்களில்கூட இப்படித்தான் காடு வளர்க்கிறார்கள், கன்று வேர் பிடிக்கும் முதல் சில கோடைகளைக் கடத்திவிட்டால் போதும், பிறகு மரம் தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்று விளக்கினாய். நன்றாகத்தான் விளக்கினாய். நான் முதலில் தண்ணீரைச் சந்தேகித்தேன். அதில் என்ன உப்பு இருக்கும், மண்ணில் படிந்து மண்ணை இறுகச் செய்யாதா, கிருமிகள் எவ்வளவு அடங்கியிருக்கும் என்று கேட்டேன். பிறகு அதைத் தருகிறவர்களைச் சந்தேகித்தேன். விலையில்லாமல் ஒருவர் நம் நிலம்வரை குழாய் போட்டுத் தருகிறார் என்றால், அவர் ஓடையில் விட்டதை யாரோ கேள்வி கேட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு, மறைக்காமல் எழுதுகிறேன், உன்னையும் சந்தேகித்தேன். வேலைக்கான நேர்காணலில் படம் போட்டுக் காட்டுவதற்காக நம் நிலத்தைப் பரிசோதனைக் களமாக்குகிறாயோ என்று தோன்றியது. அந்த வேலைதான் இப்போது உனக்கு ராஜஸ்தானத்தில் கிடைத்திருக்கிறது. அதனால் என் சந்தேகம் சரியென்று ஆகிவிடாது, தவறென்றும் ஆகிவிடாது.

உன்னிடம் சொல்லாமல் ஒரு நாள் மதியம் அந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனேன். குமுளிக்காரரான பிஜு என்ற இளைஞர்தான் அதை இயக்குகிறார். அரசு முத்திரையுள்ள என் பையைப் பார்த்ததும் கொஞ்சம் மிரண்டார். நான் வந்தது சொந்த விஷயமாக என்றதும் இன்னும் அதிகமாக மிரண்டார். தொட்டி தொட்டியாகக் கூட்டிச் சென்று காட்டினார். காற்று ஊதும் தொட்டி, தெளியவிடும் தொட்டி, மணல் வடிகட்டி, கடைசியில் குளோரின். கடைசிக் குழாயிலிருந்து ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிக் காட்டி, “நோக்குங்க சாரே, கண்ணாடி மாதிரி இல்லையா?” என்றார். “நீ குடிப்பியா?” என்று கேட்டேன். அவர் குவளையைக் கீழே வைத்துவிட்டார். “குடிக்கவா சாரே சொன்னேன்? மரத்துக்கல்லே!” என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. குடிப்பேன் என்று சொல்லியிருந்தால் அன்றே உன் திட்டத்தை நிறுத்தியிருப்பேன். நான் வெளியே வரும்போது, “சாரே, செக்கிங்குன்னு வந்துராதீங்க, இங்க தராசே இல்ல” என்று பின்னாலிருந்து சொல்லிச் சிரித்தார்.

அதன் பிறகே கல்லூரியோடு நீ பேசி முடித்த தண்ணீர் உடன்பாட்டில் கையெழுத்திட்டேன். என் நிபந்தனைகளையும் சேர்த்து எழுதவைத்தேன். தண்ணீரைத் தெளிக்கக் கூடாது. சொட்டுக் குழாய் வழியாக வேரடிக்கு மட்டும் போகவேண்டும். மனிதர் உண்ணும் எதையும் அந்த ஈரத்தில் விளைவிக்கக் கூடாது. விளைந்தது தெரிந்தால் நீர்வரத்து நிறுத்தப்படும். கை கழுவாமல் யாரும் காட்டிலிருந்து வெளியேறக் கூடாது. மழைக்காலத்தில் வால்வை மூடி, மழை மண்ணின் உப்பைக் கழுவ விடவேண்டும். நீயும் மரங்களை அதற்கேற்பவே தேர்ந்தெடுத்தாய். பஞ்சுக்காக இலவம், நிழலுக்காக வேம்பும் புங்கையும். பழமரம் ஒன்றுகூட வேண்டாம் என்றாய். நான் உள்ளூர உன்னை மெச்சினேன். எல்லாப் பக்கமும் அடைத்துவிட்டோம் என்று நம்பினேன்.

ஒரு பக்கம் திறந்திருந்தது. அதைத் திறந்து வைத்தவர்கள் நாம் இருவர்தான். கன்று நடுவதற்கு முந்தைய வாரம் நீ என்னைத் தனியே அழைத்துப் பேசியது உனக்கு நினைவிருக்கும்.

“அப்பா, அத்தைகிட்ட மட்டும் சொல்லிராதீங்க.”

“என்னத்தச் சொல்லக் கூடாது?”

“இது ஹாஸ்டல் கழிவுத் தண்ணின்னு. கருப்பசாமி கல்லு நிக்கிற காடு. தெரிஞ்சா ஒரு கன்னுகூட வைக்க விடமாட்டாக. மரம் எந்திரிச்சு நெழலு விழட்டும், நானே சொல்லிக்கிறேன்.”

“என்ன தண்ணின்னு கேட்டா?”

“காலேஜ் தண்ணின்னு சொல்லுங்க. பொய்யில்லையே.”

பொய்யில்லைதான். மேலே முத்திரை சரியாக இருந்து, உள்ளே குடைந்து எடுக்கப்பட்ட எடைக்கல்லும் பொய் சொல்வதில்லை. அப்படிப்பட்ட கற்களை நான் மேசைமேல் வைத்து வழக்குப் போட்டிருக்கிறேன். அன்று உன்னிடம் அதைச் சொல்லவில்லை. என் அக்காவை நான் அறிவேன். கணவர் போனபின் தன் பங்குக் காட்டைத் தனியாளாக உழுது, நம் காட்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறவள். குலசாமி கல்லைச் சுற்றி செருப்போடு நடந்தவனை வேலைக்கு வேண்டாம் என்று அனுப்பியவள். நான் அலுவலகத்துக்கும் நீ நேர்காணல்களுக்கும் போய்விட, தினமும் அந்த வால்வைத் திறந்து மூடப் போகிறவள் அவள் ஒருத்திதான். அந்த ஒருத்தியிடம்தான் அது என்ன தண்ணீர் என்பதையும், அதனால் அந்த நிபந்தனைகளையும் மறைத்தோம். நல்ல எண்ணத்தில் மறைத்தோம் என்று சொல்லலாம். சிரமத்துக்குப் பயந்து மறைத்தோம் என்பது இன்னும் துல்லியம்.

கன்றுகள் பிடித்துக்கொண்டன. அத்தை ஒவ்வொரு கன்றுக்கும் முள் வெட்டி வந்து வேலி கட்டினாள். கோடை நெருங்கியும் இலவங்கன்றுகள் வாடாமல் நின்றதைப் பார்த்து, காலேஜ் தண்ணீரின் பெருமையைக் கோம்பைச் சந்தைவரை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஞாயிறுதோறும் போய்ப் பரிசோதித்தேன். வடிகட்டியைக் கழற்றி முகர்ந்து பார்த்தேன். சொட்டு விழும் இடத்தில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறதா என்று மண்ணைக் கிளறினேன். பிஜு குளோரின் போட மறந்திருப்பாரோ என்று முன்னறிவிப்பின்றி அவர் நிலையத்துக்கு மறுபடியும் போனேன். உன் கல்யாண வேலைகள் தொடங்கியதும் போக முடியவில்லை. அத்தை மல்லி விதைத்தது அந்த இடைவெளியில். ஊடுபயிர் இல்லாமல் கன்றுகளுக்கு இடையில் மண்ணை வெறுமையாகப் போடுவது நம் பள்ளத்தாக்கில் யாருக்கும் கைவராத காரியம். தென்னைக்கு நடுவே வாழை, வாழைக்கு நடுவே வெங்காயம், வாய்க்கால் கரையில் ஒரு வரிசை அவரை என்று ஈரம் கண்ட இடத்திலெல்லாம் விதை போடும் மக்கள் நாம். நிபந்தனை எழுதிய எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் நான் குழாயின் அந்த முனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தேகத்தையெல்லாம் வெளியார்மீது செலவழித்துவிட்டேன்.

திருமணத்தன்று காலை மண்டபத்து அடுக்களைக்குள் நான் போனபோது அத்தை அப்போதுதான் கூடையை இறக்கி வைத்திருந்தாள். பிறந்த வீட்டுக் கல்யாணத்துக்குத் தன் தோட்டத்தில் விளைந்ததைச் சுமந்துவந்து முதல் கூடையாக இறக்குவது நம் வீட்டுப் பெண்களின் முறை. அன்று அவள் கத்தரியும் முருங்கையும் கொண்டுவந்திருந்தாள். அவற்றோடு தனியே, தழைத்த பச்சையாக ஒரு கூடை மல்லி. சமையல்காரர் ஒரு கொத்தை எடுத்து முகர்ந்துவிட்டு, “சார், அக்கா கொண்டாந்த மல்லியப் பாருங்க. மார்க்கெட்ல இப்பிடி கெடைக்காது. பச்சத் துவையலே அரைச்சு எலையில வச்சுருவோம்” என்றார். எனக்கு அந்தப் பச்சை கொஞ்சம் மிகையாகத் தெரிந்தது. நான் தராசுத் தட்டைத் தூக்கிப் பார்க்கும் குரலில்தான் கேட்டிருப்பேன்.

“அக்கா, இது எந்தப் பாத்தியில வெளஞ்சது?”

“எந்தப் பாத்தியா? உம் மகன் இலவங்கன்னுக்குக் கீழதான். சொட்டுச் சொட்டா விழுந்து ஈரம் சும்மா காயுது. வெதையத் தூவுனேன், தரையே தெரியல. மருமகன் மரத்தடி மல்லி, மருமகன் கல்யாணத்துக்கு!”

“இத எலையில வைக்கக் கூடாதுக்கா.”

“ஏன்?”

“கூடாது. எடுத்து வைங்க.”

“பூச்சியா இருக்கு? வாளி வாளியா ஊத்தி அலசிக் கொண்டாந்திருக்கேன்டா.”

அந்த நேரத்தில் அடுக்களை வாசலில் மருமகளின் பெரியப்பா காபிக்காக நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் உறவினர்கள். விடுதிக் கழிவறைத் தண்ணீரில் விளைந்தது என்று அங்கே எப்படிச் சொல்வேன்? “பெறகு சொல்றேன்” என்றேன். உன்னிடம் ஞாயிற்றுக்கிழமை சொன்ன அதே சொல்.

“பெறகு சொல்றதுக்கு நான் என்ன கேசா போட்டிருக்கேன்? எங்கையால கொண்டாந்தது ஒனக்கு ஆகல. ஆபீசர் வீட்டுக் கல்யாணத்துக்கு முத்திர குத்துன மல்லி வேணும்போல.”

மல்லிக் கூடையை அங்கே விட்டுவிட்டு வந்தால் யாராவது ரசத்தில் கிள்ளிப் போடுவார்கள் என்று எனக்கு நிச்சயம். எனவே நானே அதைத் தூக்கிக்கொண்டு போய், மண்டபத்துக்குப் பின்னாலிருந்த குழியில் கொட்டி, காலால் மண்ணைத் தள்ளி மூடினேன். மாப்பிள்ளையின் தகப்பன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மல்லித்தழையைப் புதைப்பதை உறவினர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். அத்தையும் பார்த்தாள். தாலி கட்டும்வரை இருந்தாள். உன் தலையிலும் மருமகள் தலையிலும் அட்சதை போட்டாள். உன் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியோரம் சொடுக்கினாள். பிறகு கை நனைக்காமல் பேருந்து ஏறிவிட்டாள். மாலை மரியாதையில் குறை, பெண் வீட்டார் பேசிய பேச்சு என்று ஊரில் சொல்லப்படும் காரணங்கள் எதுவும் உண்மையில்லை. நான் ஒரு கூடை மல்லியைக் காரணம் சொல்லாமல் புதைத்தேன் என்பதே காரணம்.

நீங்கள் இருவரும் ரயில் ஏறிய மறுநாள் காட்டுக்குப் போனேன். அறுத்ததுபோக மீதி மல்லி இன்னும் கன்றுகளின் காலடியில் செழித்து நின்றது. உடன்பாட்டின் நிபந்தனைப்படி வால்வை அடைத்தேன். விதைத்தவள் அவள் என்பதால் செடியைப் பிடுங்கவில்லை. அவளும் அந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். பங்குனி வெயிலில் முதலில் மல்லி கருகியது. பிறகு இலவங்கன்றுகளின் இலைகள் ஓரம் சுருண்டன. புங்கை சிலவற்றில் குருத்து காய்ந்தது. நான் தினமும் மாலையில் போய்ப் பார்த்துவிட்டு, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் திரும்பி வந்தேன். விதியைக் கடைப்பிடிக்கும் மனிதன் செய்ய வேண்டியதைச் செய்திருந்தேன், கன்றுகள் செத்துக்கொண்டிருந்தன. உன் அம்மா ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே, “என்னங்க, சனிக்கெழம குச்சனூர் போயி எள்ளு வெளக்குப் போட்டுட்டு வருவோம். நமக்கு நேரம் சரியில்ல” என்றாள்.

“நேரம் என்ன பண்ணுச்சு? பண்ணுனது நாம” என்றேன்.

“அப்ப மதினி வீட்டுக்குப் போயிட்டு வாங்க. அது குச்சனூரவிடக் கிட்டத்துலதான் இருக்கு.”

போகவில்லை. நீ ஞாயிற்றுக்கிழமை போனில் மௌனமான பிறகே, மறுநாள் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் போனேன். அத்தை வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அவளோடு வளரும் பேத்தி உள்ளே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தது. “வாங்க ஆபீசர்” என்றாள்; மொச்சையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்.

“அக்கா, அந்தத் தண்ணி என்ன தண்ணின்னு சொல்ல வந்தேன்.”

“காலேஜ் தண்ணி. அதான் தெரியுமே.”

“காலேஜ் ஹாஸ்டல்ல பிள்ளைக குளிச்சது, தொவச்சது, கக்கூசுல ஊத்துனது. எல்லாத்தையும் சேத்துச் சுத்தம் பண்ணி விடுறாக. மரத்துக்கு ஆகும். பச்சையாத் திங்குற எதுக்கும் ஆகாது.”

அவள் கை நின்றது. நான் எதிர்பார்த்தது கருப்பசாமியைப் பற்றிய கேள்வியை. அவள் உள்ளே திரும்பிப் பேத்தியைப் பார்த்தாள்.

“பாப்பா தின்னுச்சேடா.”

“எப்பக்கா?” என்றேன்.

“தயிர்சாதத்துல தூவிப் போட்டேன். கல்யாணத்துக்கு முந்துன வாரம் அதுக்கு வயித்தால போச்சு. வெயிலுன்னு நெனச்சு உப்புச் சக்கரத் தண்ணி கரைச்சுக் குடுத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

அந்த வயிற்றுப்போக்கு மல்லியால் வந்தது என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை. மல்லியால் வரவில்லை என்று சொல்லவும் சான்று இல்லை. குழந்தை இப்போது நன்றாக இருக்கிறது. இருந்தும் மருத்துவரிடம் மறுநாளே காட்டினோம், பயப்பட ஒன்றுமில்லை என்றார். ஆனால் அந்த வாசலில் நின்றபோது எனக்குச் சான்று தேவைப்படவில்லை. உனக்கும் தேவைப்படக் கூடாது என்று எதிர்பார்க்கிறேன்.

“ஒனக்கு முன்னாலயே தெரியும்?”

“தெரியும்.”

“மருமகனுக்கு?”

“தெரியும்.”

“ஊருல எவன் எடக்கல்லையும் நம்பாம மோந்து பாக்குற ஆளு, கூடப் பொறந்தவ ஏன்னு கேட்டா வாயத் தச்சுக்கிட்ட. அவனத் தோள்ல தூக்கிச் சொமந்தேன், அவனும் தச்சுக்கிட்டான். நாங்கெடந்து காலேஜ் தண்ணி, காலேஜ் தண்ணின்னு சந்தையில தண்டோராப் போட்டுக்கிட்டு அலையுறேன்.”

மன்னிப்புக் கேட்டேன். அதைக் காதில் வாங்கியதாக அவள் காட்டிக்கொள்ளவில்லை. மொச்சையைத் தள்ளி வைத்துவிட்டு, “மரத்துக்கு ஆகுமா ஆகாதா? அத மட்டும் சொல்லு” என்றாள். ஆகும் என்றேன். “பெறகு எதுக்கு அடச்ச? மரமா மல்லி வெதச்சுச்சு?” என்று கேட்டாள். இதற்கு என் உடன்பாட்டில் பதில் இருந்தது. அதை விட்டுவிட்டு, சாமி கல் இருக்கும் காடாயிற்றே என்று நானே தயங்கித் தயங்கி எடுத்தேன். “கருப்பனுக்கு நான் சொல்லிக்கிறேன். நீ மனுசனுக்குச் சொல்லு. ஆடு மேய்க்கிறவுக அந்தக் குழாயில மூஞ்சி கழுவுறாக. பக்கத்துக் காட்டுக்காரன் தூக்குவாளியக் கழுவுறான். எல்லாத்துக்கும் நீயே போயிச் சொல்லு. கக்கூஸ் தண்ணின்னே சொல்லு. இங்கிலீசுல சொல்லித் தப்பிச்சிராத.”

மறுநாள் காலையில் சொன்னேன். ஆடு மேய்ப்பவர்களிடம், பக்கத்துக் காட்டுக்காரரிடம், களை எடுக்க வருபவர்களிடம், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக நின்று சொன்னேன். சிலர் மூக்கைச் சுளித்தார்கள். பக்கத்துக் காட்டுக்காரர், “சார் காட்டுக்கு இனிமே மழையே வேணாம், காலேஜுக்கு லீவு விடாம இருந்தாப் போதும்” என்று சிரித்தார். ஒருவர் மட்டும் கோபப்பட்டார். அவர் பிள்ளைகள் போன மாதம் அந்தக் குழாயில் விளையாடியிருக்கிறார்கள். அவர் கோபத்தை நான் முழுமையாகக் கேட்டேன். கருகிய மல்லியை வேரோடு பிடுங்கிப் புதைத்தோம். கை கழுவ வீட்டுத் தண்ணீர்க் குடம் ஒன்றை அத்தை தனியே கொண்டுவந்து வைத்தாள். அவள் கருப்பசாமி கல்லின் முன்னால் போய் நின்று என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. கொஞ்சம் நேரம் பிடித்தது, நடுவில் ஒருமுறை என்னைக் கைகாட்டினாள். பிறகு வால்வைத் திறக்கப் போனேன். “நில்லு” என்று அருகில் வந்து நின்றுகொண்டாள். நான் திறப்பதைக் கண்ணால் பார்த்தாள், எவ்வளவு திறந்தேன் என்று கேட்டாள், எந்த வரிசைக்குப் போகிறது என்று நடந்துபோய் உறுதிசெய்துகொண்டாள். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். அவள் அறியாமல் வால்வை இனி நான் தொட முடியாது. என் உத்தியோகத்தை அவள் என்மீதே நடத்துகிறாள். குறைசொல்ல எனக்கு இடமில்லை.

ஆகவே உன் இரண்டாவது கேள்விக்கு இன்றைய பதில்: தண்ணீர் போகிறது. மேற்கு ஓரத்தில் புங்கை சில பட்டுவிட்டன. இலவம் பெரும்பாலும் துளிர்விடத் தொடங்கியிருக்கிறது. என் சந்தேகங்கள் அப்படியே இருக்கின்றன. மழைக்கு முன் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புவேன். பிஜுவின் நிலையத்துக்கும் சொல்லாமல் போவேன். நீ இப்போது வேலை பார்க்கும் வறண்ட ஊரிலும் இதே தண்ணீரைத்தான் மரங்களுக்குக் கொண்டுபோகப் போகிறாய். அங்கே குழாய் போடுமுன், அந்த வால்வைத் தினமும் திறக்கப்போகும் ஆளைத் தேடிப் பிடி. அவருக்கு என்ன தண்ணீர் என்று அவர் வீட்டில் பேசும் மொழியில் சொல். அவர் முகம் சுளித்து, வேண்டாம் என்று போய்விட்டால் வேறு ஆளைத் தேடு. அது தாமதம் மட்டுமே. மருமகளிடமும் அப்படியே இரு. அவள் மனம் கலங்குமே என்று எதையாவது பாதியாகச் சொல்லத் தோன்றும் நாள் வரும். உன் அம்மாவிடம் எனக்கு வந்திருக்கிறது. பாதியைக் கேட்டவர் மீதியில் தமக்குத் தெரிந்ததை விதைத்துவிடுவார். விளைந்ததைத் தின்பவர் யாராக இருப்பார் என்று நாம் முன்கூட்டி அறிய முடியாது.

முதல் கேள்விக்கான பதில் இன்னும் முடியவில்லை. நேற்று அத்தை முள்வேலிக்குக் கம்பி கேட்டு நம் வீட்டுக்கு வந்தாள்; கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறை. உன் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அத்தை செம்பை வாங்கினாள். வாய்க்குக் கொண்டுபோகுமுன் நிறுத்தி, “எந்தத் தண்ணி?” என்று கேட்டாள். உன் அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. “குடிதண்ணிக் கொழாயில வந்தது மதினி, காய்ச்சி ஆற வச்சது” என்றாள். அத்தை அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். “ஆமாக்கா” என்றேன். அவள் செம்பைக் கொஞ்சம் தாழ்த்தினாள். “நீ சொல்லிட்ட. ரெண்டு பேருல்ல வாயத் தச்சுக்கிட்டீக. அவன் இன்னும் சொல்லலையே” என்று சொல்லி, ஒரு சொட்டும் குடிக்காமல் செம்பை மேசைமேல் வைத்துவிட்டுக் கம்பியை எடுத்துக்கொண்டு போனாள்.

இதைப் படித்து முடித்ததும் அத்தைக்குப் போன் செய். எடுத்தவுடன் நலம் விசாரிக்காதே. அது என்ன தண்ணீர் என்பதை முதலில் சொல்.

உன் அப்பா